யாருங்க இந்த வெர்னிக்கே?

கேள்வி: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து சரளமா பேசுறார் ஆனா அர்த்தமே இல்ல, தண்ணி வேணுமாப்பானு கேட்டா பஸ்ஸு போயிருச்சு, சாவி அங்கனு என்னமோ சொல்றார், டாக்டர் "வெர்னிக்கே அஃபேசியா"னு எழுதியிருக்கார். யார் அந்த வெர்னிக்கே?

பதில் 1: அஃபேசியான்னா மூளை பாதிப்பால பேச்சோ புரிஞ்சுக்கறதோ கெட்டுப்போறது. வெர்னிக்கேங்கறது கார்ல் வெர்னிக்கே, 1848ல பிறந்த ஜெர்மன் மனநல மருத்துவர், நரம்பியலும் பார்த்தவர். பேச்சு வராம போறத பிரான்ஸ்ல புரோக்காங்கற டாக்டர் 1861லயே சொல்லிட்டார். ஆனா பேச்சு வருது, புரிஞ்சுக்கறது போயிடுதுங்கறத மூளையோட இடது டெம்போரல் பகுதியோட (காதுக்குப் பக்கத்துல இருக்கற பகுதி) முடிச்சு போட்டது இவர்தான், 1874ல, அப்போ வயசு வெறும் 26! எனக்கு இன்னும் பிரமிப்பா இருக்கு.

பதில் 2: அதுக்கு முன்னாடி வியன்னால மெய்னெர்ட்ங்கற மூளை அமைப்பு நிபுணர்கிட்ட படிச்சார், அதுதான் அடித்தளம். அப்புறம் பெர்லின் ஷாரிட்டே ஆஸ்பத்திரி, 1885லேர்ந்து பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்துல பேராசிரியர், 1904ல ஹாலே பல்கலைக்கழகம். அடுத்த வருஷமே சைக்கிள் விபத்துல போயிட்டார், 57 வயசுதான்.

பதில் 3: தைரியமா இருங்க. ஸ்பீச் தெரபி சீக்கிரம் ஆரம்பிங்க, சின்னச் சின்ன வாக்கியமா பேசுங்க, தம்ளர கைல காட்டி தண்ணியானு கேளுங்க.