டப்பாவை இறுக்கி மூடியும் பயறில் வண்டு, ரவையில் வண்டு: எங்கிருந்துதான் வருகிறது?

வேளச்சேரி மாடிவீடு:
எல்லோருக்கும் வணக்கம். புது ஃபிளாட்டுக்குக் குடிவந்ததிலிருந்து சமையலறையில் பூச்சித் தொல்லை தாங்கவில்லை. பழைய வீட்டில் சாதாரண எவர்சில்வர் சம்படங்கள்தான், இவ்வளவு வந்ததில்லை. இங்கே ரப்பர் வளையம் வைத்த பூட்டு டப்பாக்கள் வாங்கி எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினேன். மழை ஆரம்பித்ததும் பச்சைப்பயறில் வண்டு, ரவையில் வண்டு, மல்லித்தூளில்கூட ஏதோ ஊர்கிறது. புழுங்கலரிசி நூல் கட்டிப் போயிருக்கிறது. ராத்திரியானால் ட்யூப்லைட்டைச் சுற்றிக் குட்டிக் குட்டியாய்ப் பறக்கிறது.

வேப்பிலை, காய்ந்த மிளகாய், கிராம்பு எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. பயறை மொட்டைமாடியில் காயவைத்து எடுத்தேன், கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. மாமியார் போரிக் பவுடர் கலக்கச் சொல்கிறார், கலக்கலாமா?

அடுக்கியிருக்கும் விதம்: அடுப்புக்கு நேர் மேல் அலமாரியில் பருப்பு, ரவை, சேமியா, மசாலாத்தூள். சிங்குக்குப் பக்கத்துக் கீழ்த்தட்டில் அரிசி டின். ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டை சர்வீஸ் பால்கனியில்.

பழைய மளிகை:
முதலில் போரிக் பவுடர். வேண்டவே வேண்டாம். அது நஞ்சு, அதிலும் குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து. கழுவினால் போய்விடும் என்று வீட்டில் சொல்வார்கள், ரவையையும் மல்லித்தூளையும் எப்படிக் கழுவுவது? அதேபோல அரிசி குடோனில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளையே கொல்லும். மூடிய வீட்டுக்குள் அதற்கு வேலையே இல்லை.

பூச்சியியல் மாணவி:
அக்கா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒரே பூச்சி இல்லை, மூன்று நான்கு வகை இருக்கும். எது என்று தெரிந்தால்தான் எங்கே பிறக்கிறது என்று தேட முடியும். இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்:

பச்சைப்பயறை ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். தோலின் மேல் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கிறதா? அதுதான் பயறு வண்டின் முட்டை. சில பயறில் புள்ளியோடு வட்டமாக ஒரு ஓட்டையும் இருக்கும், வண்டு வெளியே வந்த வழி அது. சில பயறில் ஓட்டை இருக்காது, ஆனால் தோலில் வட்டமாக ஒரு இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். அதற்குள் ஆள் இருக்கிறது, சில நாளில் வெளியே வரும்.

ரவையில் இருப்பது செம்பழுப்பாய், நீள்வாட்டில், தட்டையாய் இருந்தால் மாவு வண்டு. அரிசியில் மூக்கு நீண்டு கறுப்பாய் இருந்தால் அரிசி வண்டு. நூல் கட்டியிருந்தால் அது வண்டின் வேலை இல்லை, அந்துப்பூச்சியின் புழு.

வேளச்சேரி மாடிவீடு:
பார்த்தேன். பயறில் வெள்ளைப் புள்ளி நிறைய! இத்தனை நாள் அது பயறின் நிறம் என்றே நினைத்திருந்தேன். ரவையில் செம்பழுப்பு வண்டு. அரிசியில் மூக்கு வண்டும் உண்டு, நூலும் உண்டு. ஆனால் இவ்வளவு இறுக்கமான டப்பாவுக்குள் எப்படிப் போகிறது?

பூச்சியியல் மாணவி:
போகவில்லை அக்கா, உள்ளேயே வந்தது. பயறு வண்டு வயலிலேயே காய் மேல் முட்டை வைத்துவிடும். அரிசி வண்டு மணியில் துளை போட்டு, முட்டையை உள்ளே வைத்து, மேலே மெழுகுபோல மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல அரிசி. நம் ஊர்ச் சூட்டில் ஒரு மாதத்துக்குள் வண்டாக வெளியே வரும். வேப்பிலை, மிளகாய், கிராம்பு எல்லாம் வெளியே திரிவதை விரட்டலாம், மணிக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது.

இறுக்கமான டப்பா ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுக்கும், அவ்வளவுதான். காற்றே புகாமல் மூடி, திறக்காமலே வைத்தால் பூச்சி மூச்சுத் திணறிச் சாகும் என்பது உண்மை. ஆனால் பாதி காலியான டப்பாவை நாம் தினமும் திறந்து மூடுகிறோமே!

ஒரே பருவத்தில் எல்லாவற்றிலும் வருவதைப் பார்த்தால், அலமாரிக்கு வெளியே மறந்துபோன தானியம் எங்கேயோ இருக்கிறது. பறவைத் தீவனம், பழைய கஞ்சி மாவு, கொலுவில் வைத்த பருப்பு, அப்படி ஏதாவது?

வேளச்சேரி மாடிவீடு:
பறவைத் தீவனம் இல்லை. இந்த வருஷம் கொலுவும் வைக்கவில்லை.

தஞ்சாவூர் நெல்:
புது ஃபிளாட் என்கிறீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய நவதானியம் எங்கே? மிச்சத்தை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், சுவாமி அலமாரியில்தான் இருக்கும்.

வேளச்சேரி மாடிவீடு:
ஐயோ, இருக்கிறது! பூஜை அலமாரி மேல்தட்டில், மஞ்சள் பையோடு. திறந்ததும் மொச்சை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு எல்லாம் ஓட்டை ஓட்டையாய். பையின் மடிப்பில் நூல்கூடு. பிரித்ததுமே நாலைந்து பறந்தன. அந்த அலமாரியின் கீழ்த்தட்டு சமையலறைப் பக்கம்தான் இருக்கிறது.

தஞ்சாவூர் நெல்:
அதைப் பையோடு கட்டி இன்றைக்கே வெளியே போட்டுவிடுங்கள். தப்பாக நினைக்க வேண்டாம், ஏதாவது தொட்டியில் விதைத்துவிடலாம் என்றும் வைத்திருக்காதீர்கள். அப்புறம் பால்கனி மூட்டை. சாக்கு மூட்டையை அந்துப்புழு நிம்மதியாகத் துளைக்கும், மெல்லிய பிளாஸ்டிக் பைகளையும் விடாது. ஊர் அரிசியை இரண்டு மாதத்துக்கு மேல் தேவைப்படாதபடி அளந்து வாங்குங்கள், மீதி ஊரிலேயே இருக்கட்டும். அரிசியை மட்டும் கடும் வெயிலில் போடாதீர்கள், மணி வெடித்து வடிக்கும்போது நொறுங்கும். நிழலில் பரப்பிப் புடைத்தால் போதும்.

பழைய மளிகை:
இனி சுத்தம் செய்யும் விஷயம். டப்பாக்களை எல்லாம் காலி செய்தால் அலமாரித் தட்டில் விரித்திருக்கும் பிளாஸ்டிக் விரிப்பை உருவிப் பாருங்கள். அடியில் ரவைத்தூளும் மாவும் ஒட்டியிருக்கும், மாவு வண்டுக்கு அதுவே சாப்பாடு. தட்டு தாங்கும் ஆணிக்குப் போட்ட துளைகள் இருக்கிறதே, அவற்றில் காதுக்குடையும் பஞ்சுக்குச்சியை விட்டு உருட்டி எடுங்கள். அந்துப்புழு கூடு கட்ட அங்கேதான் ஏறும். டப்பா மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றி, வெந்நீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூசணம் பிடிக்கும். சல்லடையின் விளிம்பை மறந்துவிடாதீர்கள்.

மூடி சரியாக இருக்கிறதா என்று சந்தேகமா? காலி டப்பாவை மூடி, வாளித் தண்ணீரில் அழுத்துங்கள். குமிழி வந்தால் அது பருப்புக்கு ஆகாது, அப்பளத்துக்கும் ஆகாது.

பெருங்காயடப்பா:
அடுக்கும் இடத்தையும் மாற்றுங்கள். அடுப்புக்கு மேலே சூடு, குக்கர் ஆவி இரண்டும் ஏறும். பூச்சிக்குக் கொண்டாட்டம், மசாலாத்தூளின் மணமும் சீக்கிரம் போய்விடும். அங்கே தட்டு, டம்ளர் வையுங்கள். சிங்குப் பக்கம் அரிசி கூடவே கூடாது, அங்கே பாத்திரம் தேய்க்கும் சாமான். சமையலறையில் காய்ந்த, வெயில் படாத சுவர் எதுவோ அதில் பருப்பும் மாவும். அரிசி டின் தரையைத் தொடாமல் ஒரு மணைமேல். உப்பும் புளியும் பீங்கான் ஜாடியிலோ கண்ணாடியிலோ இருக்கட்டும்.

பழையதின்மேல் புதியதைக் கொட்டும் வழக்கம்தான் பெரிய வினை. அடியில் கிடப்பது ஆறு மாதமானாலும் மேலே வராது. தீர்ந்த பிறகு கழுவிக் காயவைத்துத்தான் புதிது. வாங்கிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியில் ஒட்டுங்கள்.

பூச்சியியல் மாணவி:
புதிதாய் வாங்கும் பயறு, ரவை, மாவு எல்லாவற்றையும் பையோடு ஃபிரீசரில் வைத்து எடுத்துவிடுங்கள் அக்கா. மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் இருந்தால் முட்டை உள்பட எல்லாம் முடிந்துவிடும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் அவ்வளவு குளிராது, ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது, அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து, பொருள் ஈரமாகும். இடமில்லை என்றால் ரவையை வறுத்து, நன்றாக ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினாலும் அதே ஈரம்தான்.

வேளச்சேரி மாடிவீடு:
ரொம்ப நன்றி. வசம்பு வைக்கலாம் என்கிறார்களே? துவரம் பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவது?

தஞ்சாவூர் நெல்:
வசம்பைத் துணியில் முடிந்து டின்னுக்குள் போடலாம், தப்பில்லை. தூளாக்கிக் கலப்பது விதைக்கு எடுத்துவைக்கும் பயறுக்குத்தான், சாப்பிடும் பொருளுக்கு வேண்டாம். விளக்கெண்ணெய் நல்ல வழி. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி போட்டுப் பிசிறினால் முட்டை மூச்சடைத்துப் போகும். ஆனால் ஏற்கெனவே உள்ளே போன புழுவுக்கு அது பயன்படாது, வாங்கிய அன்றே தடவ வேண்டும்.

வேளச்சேரி மாடிவீடு:
கடைசியாக ஒன்று. வண்டு வந்த பொருளில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கொட்டலாம்?

பழைய மளிகை:
அரிசியில் கொஞ்சம் வண்டு என்றால் புடைத்து, ஃபிரீசரில் வைத்து, கழுவிச் சமைக்கலாம். நூல் கட்டிய பகுதியைக் கட்டியோடு எடுத்து எறியுங்கள். பயறைத் தண்ணீரில் போட்டால் அரித்தது மிதக்கும். பாதிக்கு மேல் மிதந்தால் எல்லாமே குப்பைக்கு. ரவையும் மல்லித்தூளும் கொட்டவேண்டியதுதான். மாவு லேசாகச் சிவந்து ஒரு காரநெடி அடித்தால் யோசிக்கவே வேண்டாம். அலமாரியைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை புது ரவையை அதில் ஏற்றாதீர்கள்.