ரீபோர் செய்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் பேரிங் இரண்டாம் முறையும் போய்விட்டது: காரணத்தை எங்கே தேடுவது?

கேள்வி

வணக்கம். என்னுடையது காற்றால் குளிரும் 150 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின். ஹெட்டுக்குள் (சிலிண்டரின் மேல்மூடிப் பகுதி) வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம்ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் பால் பேரிங். புகை தள்ளியதால் எஞ்சினை முழுவதும் இறக்கி ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து), பிஸ்டன், ரிங், வால்வு சீல், டைமிங் செயின், இரண்டு கேம் பேரிங் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். 600 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்ப்ராக்கெட் பக்கத்தில் கரகரவென்று சத்தம் தொடங்கியது. பிரித்துப் பார்த்ததில் அந்தப் பக்கத்துப் பேரிங்கில் ஆட்டம் இருந்தது. பேரிங் தரமற்றதாக இருக்கலாம் என்று எண்ணி வேறொன்று போட்டேன். இப்போது 500 கிலோமீட்டரிலேயே அதே இடத்தில் அதே சத்தம் கேட்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் இடையே விடும் இடைவெளியை, 0.08 மி.மீ. வைத்து இறுக்கிவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி மறுபடி அளந்தால் 0.12 காட்டுகிறது, மூன்றாம் முறை வேறொன்று காட்டுகிறது. மூன்றாவது பேரிங் வாங்குவதற்கு முன் காரணத்தை அறிந்துகொள்ள விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1

முதலில் சத்தத்தைப் பற்றி ஒரு சொல். கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. டாப்பெட்டும் அதே கணக்கில்தான் தட்டுகிறது. ஆகவே தாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹெட்டில் வைத்துப் பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால், டாப்பெட் ‘டிக் டிக்’ என்று கூர்மையாகவும், பேரிங் அரைப்பதுபோல இழுத்துக்கொண்டும் ஒலிக்கும். உங்கள் விஷயத்தில் அதைவிட உறுதியான சாட்சி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ்தான். அளக்கும்போதெல்லாம் இடைவெளி மாறுகிறது என்றால், ஷாஃப்டே ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் உட்காருகிறது என்று பொருள்.

அடுத்து ஆயில். ரீபோர் முடித்த எஞ்சினில் மேல்பக்கம் ஏதாவது போனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். பல எஞ்சின்களில் ஹெட்டுக்குப் போகும் ஆயில், ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட போல்ட்டான ஸ்டட் ஒன்றைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகவே மேலே ஏறுகிறது. அந்த இடத்துக்குரிய ஓ-ரிங் விடுபட்டாலோ, டோவல் (பாகங்களை நேராக உட்கார வைக்கும் சிறு குழாய்) வேறு ஸ்டட்டில் போடப்பட்டாலோ, கேஸ்கெட்டில் தாராளமாகத் தடவிய சிலிகான் உள்ளே பிதுங்கினாலோ மேலே வருவது சொட்டுச் சொட்டாகிவிடும். ஒருமுறை இப்படிப்பட்ட வழியில் மெல்லிய கம்பியை விட்டு இழுத்தேன். விரல் நீளத்துக்குச் சிவப்பு சிலிகான் நாடாபோல வந்தது. டாப்பெட் மூடியைக் கழற்றி, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ராக்கரைக் கவனியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆயில் தெரியவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கேம் முகடுகளையும் ராக்கர் தேயும் முகத்தையும் பாருங்கள். அவையும் அதே ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. ஆயில் பஞ்சம் என்றால் அங்கும் கீறலோ, நீலம் பாய்ந்த நிறமோ இருக்கும். அவை பளிச்சென்று இருந்து ஒரே ஒரு பேரிங் மட்டும் போயிருந்தால், கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

பதில் 2

மேலே சொன்னது சரியான தொடக்கம். என் வேண்டுகோள் ஒன்றுதான்: கழற்றிய பேரிங்கைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எப்படிப் போனது என்பதைப் பெரும்பாலும் அதுவே எழுதி வைத்திருக்கும்.

குண்டுகளைப் பிடித்திருக்கும் கூட்டின் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்துவிட்டு, குண்டுகளை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினால் உள் வளையம் தனியே வந்துவிடும். டீசலில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ராக்கரின் அழுத்தமும் செயினின் இழுப்பும் கேம்ஷாஃப்டைக் கீழ்நோக்கியே தள்ளுகின்றன. சுமையின் திசை மாறாததால், சுற்றுகிற உள் வளையத்தில் ஓடுதடம் முழு வட்டமாகவும், அசையாமல் நிற்க வேண்டிய வெளி வளையத்தில் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரு பிறைபோலவும் விழ வேண்டும். வெளி வளையத்திலும் தடம் முழு வட்டமாக இருந்தால், ஒன்று அந்த வளையம் ஹெட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது, அல்லது சுற்றிலும் நெரிக்கப்பட்டு உள்ளிருந்த இடைவெளியை இழந்திருக்கிறது. குண்டுகளுக்கு இடையே உள்ள அதே தூரத்தில் வரிசையாகக் குழிகள் தெரிந்தால், பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றியபோது அடி குண்டுகள் வழியாகப் பாய்ந்திருக்கிறது. தடம் முழுவதும் மங்கலாகப் பொடிப்பொடியாகக் கீறியிருந்தால், ரீபோர் செய்த தூள் சரியாகக் கழுவப்படாமல் ஆயிலில் சுற்றியிருக்கிறது.

வடித்த ஆயிலையும் வெள்ளைத் துணியில் ஊற்றி, மினுக்கும் தூளில் காந்தத்தை வையுங்கள். காந்தம் இழுப்பது எஃகு. இழுக்காத வெள்ளித் தூள் பெரும்பாலும் ஹெட்டின் அலுமினியம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். ஆயில் அரை நிமிடத்திலேயே ராக்கரில் வழிந்தது. கேம் முகடுகளில் ஒரு கீறலும் இல்லை. துணியில் காந்தம் இழுக்காத தூள்தான் அதிகம்.

பேரிங் 6002, அதாவது உள் விட்டம் 15, வெளி விட்டம் 32, அகலம் 9 மி.மீ. அதன் வெளி வளையத்தில் தடம் முழு வட்டமாக இருக்கிறது. மூன்று இடங்களில் செதில் பெயர்ந்திருக்கிறது. வெளிப்புறம் கண்ணாடிபோல மெருகேறியிருக்கிறது. ஹெட்டில் பேரிங் உட்காரும் துளையை அளந்தால் 32.06 காட்டுகிறது. துளையின் சுவரில் சிறுசிறு புள்ளிகள் மழுங்கித் தெரிகின்றன. முதல் முறை கோத்தபோதே அவை இருந்தன. உற்பத்தியிலேயே இருப்பவை என்று நினைத்துவிட்டேன்.

பதில் 2

அந்தப் புள்ளிகள்தான் உங்கள் கேள்விக்கு விடை. தளர்ந்த துளையில் பேரிங் நிற்க வேண்டும் என்று யாரோ சென்டர் பஞ்ச் (கூர்முனை உளி) வைத்துச் சுவரில் புள்ளி புள்ளியாக அடித்திருக்கிறார்கள். பட்டறைகளில் பலகாலமாக நடக்கும் வழக்கம் அது. செய்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். ஆனால் அடித்த இடத்தில் மேடேறும் அலுமினியம் வெளி வளையத்தைச் சில புள்ளிகளில் மட்டும் நெரிக்கிறது. வளையம் வட்டம் குலைந்து, குண்டுகள் அந்த இடங்களைக் கடக்கும்போதெல்லாம் பிதுங்கிப் போகின்றன. உங்கள் மூன்று செதில்களும் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும். பிறகு மேடுகள் மழுங்கி, வளையம் தடையின்றிச் சுற்றத் தொடங்கியிருக்கிறது.

சூடு இதை இன்னும் மோசமாக்குகிறது. அலுமினியம் ஏறத்தாழ எஃகைவிட இரு மடங்கு விரிவடைவது. எஞ்சின் குளிர்ந்திருந்ததைவிட 80 டிகிரி சூடேறினால், 32 மி.மீ. துளையில் ஏறத்தாழ 0.03 மி.மீ. கூடுதல் தளர்வு வந்துவிடும். ஏற்கெனவே உள்ள 0.06 உடன் சேர்த்தால் 0.09. ஓடும்போது ஷாஃப்ட் அவ்வளவு தூரம் குதிக்கிறது. எத்தனை நல்ல பேரிங் போட்டாலும் இந்தத் துளையில் நிற்காது.

நம்பகமான வழி, துளையைப் பெரிதாக்கி, அதற்குள் புஷ் எனும் உலோக வளையத்தை இறக்கி மறுபடி 32க்குக் கடைவது. இரண்டு துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதால், எதிர்ப்பக்கத்துத் துளையை மையமாக வைத்துக் கடையத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் ஹெட்டை மாற்றுவதே மேல். பேரிங் ஒட்டும் பசையை இவ்வளவு தேய்ந்த, இவ்வளவு சூடேறும் இடத்தில் நான் நம்ப மாட்டேன்; வழிந்து ஆயில் துளையை அடைத்துவிட்டால் இல்லாத கோளாறு ஒன்றும் சேர்ந்துவிடும்.

பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தின் மேல் மட்டும் குழாய் வைத்து அழுத்துங்கள். துளைக்குள் இறக்கும்போது ஹெட்டை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் சுத்தியலே தேவைப்படாது. எஞ்சினைக் கோப்பதற்கு முன் ஆயில் வடிகட்டியையும் பம்பையும் பிரித்துக் கழுவிவிடுங்கள். இரண்டு பேரிங்குகளின் செதிலும் அலுமினியத் தூளும் அங்கேதான் போய்த் தங்கியிருக்கும். பம்பின் ரோட்டரில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.