முதல் வரி இது, எந்த நாவல்? நாளைக்குள் வேண்டும்

தேன்சிட்டு:
வணக்கம். அவசரமாக ஓர் உதவி. எங்கள் வாசகர் வட்டத்தில் முதல் வரியைப் படித்துக் காட்டி நாவலைக் கண்டுபிடிக்கச் சொல்லும் போட்டி வைக்கிறோம். மற்றதெல்லாம் தயார், ஒன்று மட்டும் பிடிபடவில்லை. "பல வருடங்கள் கழித்து அவர் அந்த இரவை நினைத்துக்கொள்வார்" என்று ஆரம்பிக்கிறது. புகழ்பெற்ற நாவல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அகல்விளக்கு:
தமிழ் நாவலா, மொழிபெயர்ப்பா? அந்த 'அவர்' யார்? வரி அவ்வளவுதானா, பாதியில் வெட்டியிருக்கிறீர்களா?

ரயிலடி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்'. கர்னல் அவுரேலியானோ புயேந்தியாவைச் சுடுவதற்குச் சிப்பாய்களை நிறுத்தியிருக்கிறார்கள். அப்போது, சின்ன வயதில் அப்பா பனிக்கட்டி காட்டக் கூட்டிப்போனது அவருக்கு நினைவுக்கு வரும். 1967-இல் வந்தது. 'பல வருடங்கள் கழித்து' என்றாலே அதுதான்.

அகல்விளக்கு:
அது பிற்பகல். இவர் கேட்பது இரவு.

ரயிலடி:
நினைவிலிருந்து எழுதும்போது பிற்பகல் இரவாக மாறிவிடும். நான் சொல்வதுதான் சரி.

மூத்தவாசகன்:
இங்கே மாதம் ஒரு முறையாவது இப்படி ஓர் இழை வருகிறது. எந்த மொழி, எந்தப் பதிப்பு, வரி எங்கிருந்து கிடைத்தது, இந்த மூன்றையும் சொல்லாமல் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? போட்டி நடத்துகிறவர் முதலில் புத்தகத்தைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டும். நாங்களெல்லாம் நூலகத்தில் நின்றுகொண்டே படித்து வளர்ந்தவர்கள்.

தேன்சிட்டு:
சரி, விவரம் இதோ. நகல் எடுத்த ஒற்றைப் பக்கம், ஆங்கிலம். தமிழில் சொன்னது நான். நினைத்துக்கொள்பவர் ஒரு பாதிரியார். படுக்கை கெட்டியாக இருப்பதால் தூக்கம் வராமல் எழுந்து வெளியே போகிறார். மேலே வெற்றிடம் விட்டு அச்சிட்டிருக்கிறது, அதனால் ஆரம்பம்தான். புத்தகத்தின் பெயர் பக்கத்தில் இல்லை.

ரயிலடி:
பாதிரியார் என்றால் மார்க்வெஸின் இன்னொரு நாவலாக இருக்கும். சான்டியாகோ நாசாரைக் கொல்லப்போகும் நாளில் அவன் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்துகொள்கிறான், பிஷப் வரும் படகைப் பார்க்க. 1981-இல் வெளிவந்த நாவல். பிஷப்பும் பாதிரியார்தானே?

அகல்விளக்கு:
தூக்கம் வராதவர் பாதிரியாரே அல்லவா? நாசார் ஏன் வருகிறான்? தேன்சிட்டு, அதற்கு அடுத்த வரியையும் எழுதுங்கள். ஏதாவது பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மூத்தவாசகன்:
'முதல் வரி' என்பதையே இங்கே யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. மெல்விலின் திமிங்கல வேட்டை நாவல் 'மோபி டிக்' என்றதும் எல்லாரும் 'என்னை இஸ்மவேல் என்று அழையுங்கள்' என்பார்கள். அது முதல் வரியே கிடையாது. அதற்கு முன்னால் திமிங்கலம் என்ற சொல்லின் பிறப்பு பற்றி ஒரு பகுதி, பிறகு பைபிளிலிருந்து தொடங்கிப் பக்கம் பக்கமாக மேற்கோள்கள். டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வும் அப்படித்தான். மகிழ்ச்சியான குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி என்கிற வரிக்கு மேலே, பழிவாங்குவது எனக்குரியது என்ற பைபிள் வசனம் நிற்கிறது. போட்டியில் எதை எடுத்துக்கொள்வீர்கள்?

கடலோடி:
மோபி டிக் விஷயத்தில் நீங்கள் சொல்வது அமெரிக்கப் பதிப்புக்குத்தான் பொருந்தும். 1851-இல் லண்டனில்தான் முதலில் வந்தது, 'திமிங்கலம்' என்ற தலைப்பில், மூன்று பாகமாக. அதில் அந்த மேற்கோள்களையெல்லாம் தூக்கிக் கடைசியில் வைத்துவிட்டார்கள். அதனால் லண்டன் வாசகர்களுக்குக் கதை இஸ்மவேலோடுதான் தொடங்கியது. அதே பதிப்பில் பின்னுரையும் விட்டுப்போய்விட்டது. இஸ்மவேல் மட்டும் பிழைத்து வந்தது அந்தப் பின்னுரையில்தான் இருக்கிறது. கதை சொல்கிறவனும் கப்பலோடு மூழ்கியிருப்பானே, பிறகு எப்படிச் சொல்கிறான் என்று விமர்சகர்கள் கேட்டார்கள்.

மூத்தவாசகன்:
ஆசிரியர் எந்த வரிசையில் வைத்தார் என்பதுதான் கணக்கு. லண்டன் அச்சகம் செய்தது கணக்கில் வராது.

கடலோடி:
வாசகன் எதை முதலில் படித்தான் என்பதும் கணக்குதான். போட்டிக்கு வருகிறவர்கள் மனதில் நிற்பது இஸ்மவேல்தான், சொற்பிறப்பு இல்லை.

பவளமல்லி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தேன்சிட்டு, உங்கள் போட்டியில் தமிழ் நாவல் எத்தனை? 'பொன்னியின் செல்வன்' வைத்தால் 'ஆதி அந்தமில்லாத கால வெள்ளத்தில்' என்றதும் எல்லாரும் கை தூக்கிவிடுவார்கள். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வையுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்த மறுநாள் ஜோசஃப் ஜேம்ஸ் இறந்தான் என்று தொடங்கும். காம்யு இறந்தது 1960 ஜனவரி 4. ஜே.ஜே. கற்பனைப் பாத்திரம், ஆனால் அந்தத் தேதி அவனை உண்மையாக வாழ்ந்த ஆள் மாதிரி ஆக்கிவிடுகிறது. முதல் வரி இவ்வளவு வேலை செய்வது அபூர்வம்.

குளத்துமேடு:
இப்போதுதான் இழையைப் பார்த்தேன். அந்தப் பாதிரியார் பெயர் ரென்டெரியா. நாவல் ஹுவான் ருல்ஃபோவின் 'பெட்ரோ பராமோ', மெக்சிகோ, 1955. ஆனால் இது முதல் வரி இல்லை, நாவலின் நடுவில் வருவது. அந்த நாவலில் அத்தியாயமே கிடையாது, எண்ணும் கிடையாது. சின்னச் சின்னத் துண்டுகள், நடுவில் வெற்றிடம், அவ்வளவுதான். எந்தத் துண்டை நகல் எடுத்தாலும் ஒரு நாவலின் தொடக்கம் போலவே தெரியும். உண்மையான முதல் வரி வேறு. என் அப்பா பெட்ரோ பராமோ என்று ஒருவர் இங்கே இருப்பதாகச் சொன்னதால் கோமாலாவுக்கு வந்தேன் என்று மகன் சொல்வது. உங்கள் பக்கத்தில் அடுத்த வரியைப் பாருங்கள், மிகேல் பராமோ செத்த இரவு என்று இருக்க வேண்டும். மிகேல், பெட்ரோவின் இன்னொரு மகன்.

ரயிலடி, உங்கள் காதில் மார்க்வெஸ் ஒலித்ததற்கும் காரணம் உண்டு. அவர் 1961-இல் மெக்சிகோ வந்த பிறகு, நண்பர் ஆல்வரோ மூட்டிஸ் இந்தப் புத்தகத்தைக் கொடுத்துப் படித்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அன்று இரவே இரண்டு முறை படித்ததாக மார்க்வெஸே எழுதியிருக்கிறார். முழுவதையும் மனப்பாடமாகச் சொல்கிற அளவுக்குப் போனார். 'பல வருடங்கள் கழித்து' நினைத்துக்கொள்ளும் அந்த நடை பாதிரியாரிடமிருந்து கர்னலுக்குப் போயிருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

ரயிலடி:
அப்படியானால் இரண்டு வரியையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டுங்கள், தேன்சிட்டு. போட்டியின் சிறந்த சுற்று அதுவாகத்தான் இருக்கும்.

மூத்தவாசகன்:
நடுப்பக்கத்து வரியை முதல் வரிப் போட்டியில் சேர்க்கக் கூடாது.

தேன்சிட்டு:
மிகேல் பராமோ இருக்கிறார், அடுத்த வரியிலேயே. கோமாலா வரியை வைத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி, கிளம்ப வேண்டும்.

பவளமல்லி:
ஜே.ஜே. சேர்த்தீர்களா? யாராவது கண்டுபிடித்தார்களா?

கடலோடி:
மோபி டிக் வைத்திருந்தால் எந்தப் பதிப்பு என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.