ஏற்காட்டுல குதிரைக்குக் கழிச்சல்: சாணம் சோதிக்க உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காடு ஏரிப் பக்கம் சவாரிக்குக் குதிரை வெச்சிருக்கோம். பெட்டை ஒன்னுக்குக் காய்ச்சலோட தண்ணியாக் கழியுது. சால்மோனெல்லாங்கிற குடல் கிருமியா இருக்கலாம்னு டாக்டர் சொல்றார். சவாரிய நிறுத்திட்டோம், மருந்து ஓடுது.

இது சாணம் வழியா மனுஷங்களுக்கும் தொத்தும். வீட்டுல கைக்குழந்தையும் வயசான அம்மாவும் இருக்காங்க, அதான் பயமா இருக்கு. அந்தப் பெட்டைக் குதிரையத் தனியாக் கட்டி, வாளி, மண்வெட்டி, செருப்பு எல்லாம் தனியா வெச்சாச்சு. மத்த குதிரைகளப் பாத்துட்டுக் கடைசியாத்தான் அவகிட்டப் போறோம். வெளிய வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுறோம். சாணத்த அள்ளி, சோப்புத் தண்ணியில தேச்சுக் கழுவின பிறகுதான் ப்ளீச்சிங் பவுடர். அழுக்கு மேலயே ஊத்தினா அது சரியா வேலை செய்யாது. குதிரை வெச்சிருக்கவங்க இதக் கவனிங்க.

இந்தக் கிருமி எல்லா நாளும் சாணத்துல வராது. ஒரு தடவை இல்லைன்னு வந்தா நம்ப முடியாது, பல நாள் சாண மாதிரி எடுத்து கல்ச்சர் (லேப்ல கிருமிய வளர்த்துப் பாக்குற சோதனை) பண்ணணும். நாமக்கல் கால்நடைக் கல்லூரியில குதிரைச் சாணம் வாங்குவாங்களா? ஐஸ்ல வெச்சுக் கொண்டு போகணுமா? காலையில மலை இறங்கி அந்தப் பக்கம் போறவங்க யாராவது மாதிரியக் குடுத்துட முடியுமா? எங்க கொட்டில் மண் தரை. அத எப்படிச் சுத்தம் பண்றதுன்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.