பிரேக் மிதித்தால் மீட்டர் லைட் எரிகிறது: 96 மாடல் புல்லட், ஞாயிறு ஏலகிரி ரைடு

கொளத்தூர் கிக்கர் (வியாழன் இரவு 11.40)

அப்பாவின் 1996 ஸ்டாண்டர்டு 350. காஸ்ட் அயர்ன் எஞ்சின், பாயின்ட் இக்னிஷன், வலது கால் கியர். திருவொற்றியூரில் பிறந்த வண்டி. கடைசி ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் செருப்பு ஸ்டாண்டு வேலை பார்த்தது. தை மாதம் பிரித்துப் போட்டேன். பின் மட்கார்டை வெட்டி, ஒற்றை சீட் போட்டு, ஃபிரேமை பவுடர் கோட்டிங் கொடுத்தேன். கோட்டிங் போட்டவர் மகராசன், போல்ட் ஓட்டைக்குள் மரைவரை அடித்துக் கொடுத்துவிட்டார். மரை வெட்டும் டேப் போட்டு ஒவ்வொரு மரையாகச் சுத்தம் செய்ய இரண்டு நாள் போனது.

பழைய ஒயரிங் எலி தின்றது போக மிச்சம் உதிர்ந்துவிட்டது. புதிதாக நானே இழுத்தேன். இப்போது நிலவரம் இது:

ஹெட்லைட் சுவிட்ச் ஆஃப். பின் பிரேக்கை மிதித்தால் ஸ்பீடாமீட்டருக்குள் இருக்கும் சின்ன பல்பு மினுக்குகிறது. ஹாரன் தவளை மாதிரி கத்துகிறது. ஹெட்லைட் போட்டால் மஞ்சள் கோழிமுட்டை வெளிச்சம், ஆனால் கிளட்சைப் பிடித்தால் கொஞ்சம் பிரகாசமாகிறது! இதை வீட்டில் சொன்னேன், தூங்கப் போகச் சொன்னார்கள். நேற்று தெருமுனையில் இடதுபக்கம் முழுசாகத் திருப்பும்போது பியூஸும் போய்விட்டது. எஞ்சின் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் இரண்டாவது கிக்கில் எழுகிறது.

ஒரு தப்பை நானே ஒப்புக்கொள்கிறேன். ரிச்சி தெருவில் ஒரே ரோல் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். வண்டியில் எல்லா ஒயரும் சிவப்பு.

ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு பூந்தமல்லியிலிருந்து கிளம்புகிறோம், பதினோரு வண்டி. யாராவது வழி சொல்லுங்கள்.

பட்டறை மாமா

தம்பி, எல்லாமே சிவப்பா? ரத்தக் குழாய் படம் மாதிரி இருக்குமே. சரி, அது அப்புறம்.

வண்டிக்கு எர்த் இல்லை, அதாவது கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் தோல். அதன்மேல் போல்ட் போட்டு முறுக்கினால் இரும்பு இரும்பைத் தொடாது. பேட்டரி நெகட்டிவை எங்கே கட்டியிருக்கிறாய்? எஞ்சின் போல்ட்டில் என்றால் கதை முழுசாகப் புரிகிறது. எஞ்சினுக்கு எர்த் நேராகக் கிடைக்கிறது, அதனால் அது ஓடுகிறது. ஹெட்லைட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஹேண்டில்பாருக்கு வந்து, கிளட்ச் கேபிள் வழியாக எஞ்சினுக்கு இறங்குகிறது. நீ லீவரைப் பிடித்தால் கேபிள் இறுகும், தொடுப்பு நன்றாகும், வெளிச்சம் கூடும்.

பிரேக் பல்பும் அப்படித்தான். ஒரே பல்புக்குள் இரண்டு இழை, இரண்டுக்கும் உடம்புதான் எர்த். உடம்பு தொடவில்லை என்றால் பிரேக் இழைக்குள் போன கரன்ட் அடுத்த இழை வழியாகப் பின்னோக்கி ஓடி, டெயில் லைட் ஒயரில் ஏறி மீட்டர் பல்பில் போய் இறங்கும்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று ஹெட்லைட் வளையத்தில் வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நான் சொன்னதுதான். ஃபிரேமை நம்பாதே. ஹெட்லைட், டெயில் லைட், ஹாரன், ரெகுலேட்டர் உடம்பு, நாலிலிருந்தும் தனித்தனி எர்த் ஒயர் இழுத்து பேட்டரி நெகட்டிவிலேயே சேர்த்துவிடு. கறுப்பு ஒயர் வாங்கு, தம்பி. கறுப்பு.

ஜாவா ஜீவா

மாமா சொன்னது சரி. பியூஸ் போனது வேறு கதை. திருப்பும்போது போகிறதென்றால் ஸ்டியரிங் கழுத்தில் ஒயர் நசுங்குகிறது. டேங்கைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினாலும் அந்த இடத்தில் ஒயர் தொளதொளவென்று இருக்க வேண்டும். அப்புறம் 60/55 வாட் ஹாலோஜன் பல்பு போட்டிருந்தால் ரிலே வையுங்கள், சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. 60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். அந்தப் பழைய சுவிட்ச் தாங்காது. இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள், நம்ம ஊர் வெயிலில் அது மே மாதத்துக்குள் பாகு ஆகிவிடும். சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

சட்டம் தெரிந்தவன்

மட்கார்டு வெட்டியதெல்லாம், வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வரும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைப் பற்றித் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஃபிரேம் கலர் என்ன? ஆர்சியில் என்ன?

பட்டறை மாமா

ஐயா, முதலில் லைட் எரியட்டும்.

கொளத்தூர் கிக்கர் (சனி இரவு 9.15)

மாமா, 3.1 வோல்ட்! பேட்டரி நெகட்டிவுக்கும் ஹெட்லைட் வளையத்துக்கும் நடுவில். மீட்டரைப் பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது. கிளட்ச் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், லீவர் பக்கம் ஈய உருண்டை உட்காரும் இடத்தில் கறுப்பாகப் பொரிந்திருந்தது. இரண்டு மாதம் முன்பு போட்ட புது கேபிள்.

நேற்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். கறுப்பு ஒயர் ஐந்து மீட்டர், வளைய முனை ஒரு டஜன், ரிலே ஒன்று. நாலு எர்த்தும் தனித்தனியாக இழுத்தாயிற்று. இப்போது அதே இடத்தில் 0.06. ஹாரன் அடித்தேன், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஜீவா சொன்ன இடமும் சரிதான். டேங்குக்கு அடியில், ஸ்டியரிங் ஸ்டாப்புக்கும் ஹெட்லைட் தாங்கிக்கும் நடுவில், ஒரு சிவப்பு ஒயரின் தோல் நகம் அளவுக்குப் பிய்ந்து செம்பு தெரிந்தது. எது எந்த ஒயர் என்று கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம். பியூஸைக் கழற்றி, ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் பஸர் வைத்துப் பார்த்து, இரண்டு முனையிலும் பிளாஸ்திரி ஒட்டி, என் மகளின் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்தேன். அவள் பங்குக்கு ஹாரன் ஒயரில் ஒரு பூ வரைந்திருக்கிறாள். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

சட்டம் தெரிந்தவரே, ஃபிரேம் கறுப்பு, ஆர்சியிலும் கறுப்பு. மட்கார்டுக்கு என்னிடம் பதில் இல்லை. பழையதை எடைக்குப் போடவில்லை, பரணில்தான் இருக்கிறது.

இப்போதுதான் ரெட்டேரி வரை இருட்டில் ஒரு சுற்று போய் வந்தேன். ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஹேண்டில் முழுசாகத் திரும்பும், அதற்காகவே இன்னும் இரண்டு விரல் நீளம் ஒயர் விட்டிருக்கிறேன். பூந்தமல்லிக்கு வருகிறவர்கள் யாராவது 15 ஆம்பியர் கண்ணாடி பியூஸ் இரண்டு கொண்டு வாருங்கள். என்னிடம் ஒன்றுதான் மிச்சம்.