.223 தோட்டாக் கூடுகளில் போட்ட மார்க்கர் கோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போவதற்குள் அழிந்துவிடுகிறது: உதவி தேவை

ஹூஸ்டன் தம்பி:
வணக்கம். ஏ.ஆர். ரைஃபிளில் .223 அளவுத் தோட்டா சுடுகிறேன். ஒன்றரை வருடமாக வீட்டிலேயே ரீலோட் செய்து வருகிறேன், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புவது. போன சனிக்கிழமை 100 தோட்டா கொண்டுபோய், 63 கூடுதான் திரும்பக் கிடைத்தது. அந்த 63-லும் எது என்னுடையது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்து மேசைக்காரரும் .223 தான், அவர் கூடுகளிலும் என்னுடையதைப் போலவே எல்.சி. என்ற ஆலை முத்திரை. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கும்போது ஒரே கூட்டுக்குக் கை நீட்டி, "நீங்களே எடுத்துக்கோங்க" என்று விட்டுக்கொடுத்து வந்தேன்.

ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் கறுப்பு ஷார்ப்பி மார்க்கரால் கோடு போட்டுத்தான் கொண்டுபோனேன். பெட்டியைத் திறக்கும்போதே பாதிக் கோடு மங்கலாக இருந்தது. அதற்கு முந்தைய முறை வீட்டிலிருந்த நெயில் பாலிஷைக் கூட்டின் பக்கவாட்டில் வளையமாகப் பூசினேன். பத்துப் பன்னிரண்டு சுட்டதும் கூடு வெளியே வர முரண்டு பிடித்தது. அதோடு அதை விட்டுவிட்டேன். நிலைக்கிற மாதிரி எப்படி அடையாளம் போடுவது?

ஒஹையோ அண்ணன்:
தம்பி, நெயில் பாலிஷை நிறுத்தியது நல்ல காரியம். சுடும் நொடியில் கூடு விரிந்து சேம்பர் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை) சுவரைக் கவ்விப் பிடிக்கிறது, அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விடுபடுகிறது. நடுவில் பாலிஷோ பெயின்ட்டோ படிந்தால் இரண்டுமே கெடும். பக்கவாட்டில் எதையும் பூசாதீர்கள். கூரான ஊசியால் கீறவும் வேண்டாம். அடையாளத்துக்கு உரிய இடம் அடிப்பாகம்தான்.

இப்போது ஒரு கேள்வி. சைஸ் செய்ய, அதாவது விரிந்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர, என்ன லூப் (மசகு) போடுகிறீர்கள்? அதை எப்போது துடைக்கிறீர்கள்?

ஹூஸ்டன் தம்பி:
லானோலினை ஆல்கஹாலில் கலந்த ஸ்பிரே, அண்ணா. தோட்டா முழுதாகத் தயாரான பிறகு உடம்பை மட்டும் பழைய துணியால் துடைப்பேன். அப்புறம் கோடு.

ஒஹையோ அண்ணன்:
அங்கேதான் சிக்கல். லானோலின் செம்மறி ஆட்டு ரோமத்து மெழுகு. நீங்கள் உடம்பைத் துடைக்கிறீர்கள், அடிப்பாகத்தில் மெல்லிய படலம் அப்படியே நிற்கிறது. மை பித்தளையைத் தொடவே இல்லை, மெழுகின் மேல் மிதக்கிறது. பெட்டியில் உரசினால் போய்விடும். விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கும்.

சைஸ் செய்த கையோடு, பிரைமர் (அடியின் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) போடுவதற்கு முன்பே, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அடிப்பாகத்தையும் சேர்த்துத் துடையுங்கள். நன்றாகக் காயட்டும். பிரைமர் போட்டபிறகு திரவத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், உள்ளே இறங்கினால் பிரைமர் செத்துவிடும். எல்லாம் முடிந்து, தோட்டாக்களைப் பெட்டியில் தலைகீழாக, அதாவது அடிப்பாகம் மேலே தெரிய அடுக்கி, பட்டை முனை மார்க்கரால் வரிசைக்கு ஒரே இழுப்பாகக் கோடு போடுங்கள். 50 தோட்டாவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மூடுமுன் கொஞ்சம் காயவிடுங்கள்.

கறுப்பை மாற்றுங்கள். புகைக்கரியோடு கலந்துவிடும். புல்தரை என்றால் பச்சையும் உதவாது. எனக்கு சிவப்பு, இல்லாவிட்டால் நீலம். கூடு படுத்துக் கிடந்தால் அடிக்கோடு மேலிருந்து தெரியாது என்பதால், கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடிக்கும் பள்ளத்திலும் ஒரு சுற்று மை தொட்டு வைப்பேன். அந்த இடம் சேம்பர் சுவரைத் தொடாது.

மெல்பர்ன் அக்கா:
கோட்டிலேயே இன்னொரு தகவல் இருக்கு. கோடு பிரைமர் மேலேயும் ஓடும் இல்லையா? அடுத்த முறை புதுப் பிரைமர் போட்டதும் நடுவில் வெறும் வட்டம், இருபுறமும் பழைய சிவப்பு வால். அதைப் பார்த்தாலே அந்தக் கூடு ஏற்கெனவே ஒரு சுற்று போனது என்று தெரியும். ஆனால் எத்தனை முறை சுட்டது என்ற கணக்குக்கு மையை நம்பாதீங்க. சுத்தம் செய்வதற்காகக் கூடுகளை ஈரத்தில் ஸ்டீல் ஊசி போட்டு உருட்டினால் கோடு சுத்தமாகப் போய்விடும். பெட்டிக்குள் ஒரு சீட்டு வையுங்க: தேதி, எத்தனையாவது சுடுதல், நீளம் வெட்டினீங்களா இல்லையா. பெட்டியைப் பிரிக்காமல் ஒரே கூட்டமாக நகர்த்துங்க.

பக்கத்துக்காரர் கூடு கலந்துபோனால் என்ன என்று நினைக்காதீங்க. .223 மாதிரி கழுத்து ஒடுங்கிய கூடு ஒவ்வொரு சுடுதலுக்கும் நீளும். அந்தப் பித்தளை அடிப்பாகத்துக்குச் சற்று மேலே இருக்கும் சுவரிலிருந்துதான் இழுபட்டுப் போகுது. வெளியே பளிச்சென்று ஒரு வளையக் கோடு தெரிந்தால், அல்லது முனை வளைத்த பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டுத் தடவும்போது பள்ளம் தட்டினால், அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்க. யாரோ எட்டு முறை சுட்டதை நீங்க ஒன்பதாவதாகச் சுடக் கூடாது.

ஓய்வுபெற்ற மெக்கானிக்:
எல்.சி. முத்திரையை வைத்து அடையாளம் தேடவே கூடாது. அது மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸில் இருக்கும் லேக் சிட்டி ஆலை, 1941 முதல் அமெரிக்க ராணுவத்துக்குத் தோட்டா செய்வது. பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. நாடு முழுக்க ரேஞ்சுத் தரையில் அந்தக் கூடுதான் கிடக்கும்.

இன்னொன்றைக் கேளுங்கள். .300 பிளாக்அவுட் என்ற வேறு ரகத் தோட்டாவின் கூட்டைப் பலர் இதே கூட்டை வெட்டித்தான் செய்கிறார்கள். அடி அளவு ஒன்று, முத்திரை ஒன்று. அந்தத் தோட்டா .223 ரைஃபிளில் போய் உட்கார்ந்து வெடித்தால் துப்பாக்கி சிதறும், கை போகும். இரண்டும் வைத்திருப்பவர்கள் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் என்று பிரித்து, பெட்டியையும் தனியாக வையுங்கள். குண்டின் முனைக்கு மட்டும் நிறம் தீட்டாதீர்கள். அங்கே ராணுவ நிறங்கள் வேறு பொருளில் இருக்கின்றன: பச்சை முனை எம்855 என்ற ராணுவ ரகம், ஆரஞ்சு முனை டிரேசர் (போகும் வழியில் ஒளிக்கோடு காட்டும் குண்டு).

பொறுக்குவது சீஸ் ஃபயர் (சுடுவதை நிறுத்து) சொல்லி எல்லாத் துப்பாக்கியும் காலியான பிறகுதான். மேசைக்கு வலதுபுறம் பின்பக்கமாக ஒரு தார்ப்பாய் விரித்தால் பாதி வேலை குறையும். சில போட்டிகளில் விழுந்த கூட்டை எடுக்கவே விட மாட்டார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிரைமர் கரியில் ஈயம் உண்டு. கூடு உருட்டுவதை அடுக்களையில் செய்ய வேண்டாம், குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் இன்னும் கவனம்.

ஹூஸ்டன் தம்பி:
நேற்று சோதித்துவிட்டேன். 20 தோட்டா அடிப்பாகம் துடைத்துக் கோடு போட்டது, 20 பழைய முறையில். இரண்டையும் பெட்டியில் போட்டு வண்டி டிக்கியில் மூன்று நாள் அலையவிட்டேன். துடைத்த 20-லும் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது, துடைக்காததில் ஆறுதான் தேறியது. சுட்டபிறகும் துடைத்தவற்றில் கோடு நின்றது, 19 கூடு தார்ப்பாயிலேயே கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், "சிவப்பு உன்னுதா?" என்று கேட்டு, தன் காலடியில் கிடந்த இருபதாவதை எடுத்துக் கொடுத்தார்.

போன வாரத்து 63-ஐ என்ன செய்வது, அண்ணா?

ஒஹையோ அண்ணன்:
அதைத் தனி டப்பாவில் போட்டு "கணக்குத் தெரியாது" என்று எழுதி வை. பழைய பித்தளை எடைக்குப் போட்டுவிடு.