செத்துப்போச்சுன்னு ஒதுக்கி வைத்த அட்மெகா சிப்கள்

சென்னை ரிச்சி தெருவில் நாலு அட்மெகா 328பி வாங்கினேன். ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் அதே மைக்ரோகன்ட்ரோலர் சிப்தான். அதில் ரெண்டு செத்துவிட்டது என்று ஒரு வாரம் டப்பாவில் ஒதுக்கி வைத்திருந்தேன். ரெண்டுமே நல்ல சிப். புதிதாக வருகிறவர்கள் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் சிப்பில், ஊனோ போர்டையே புரோகிராமராக வைத்து, எல்இடியைச் சிமிட்ட வைக்கும் 'பிளிங்க்' புரோகிராமை ஏற்றினேன். நொடிக்கொரு தரம் மாற வேண்டிய எல்இடி அப்படியே எரிந்துகொண்டு நின்றது. வாட்ச்சைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். 16 நொடி எரிந்தது, 16 நொடி அணைந்தது. புது சிப் தனக்குள் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். என் புரோகிராமோ 16 மெகாஹெர்ட்ஸுக்கு கம்பைல் ஆனது. ஆர்டுயினோ மென்பொருளில் 'பர்ன் பூட்லோடர்' கொடுத்ததும் ஃபியூஸ் (எந்தக் கடிகாரத்தில் ஓட வேண்டும் என்பது போன்ற சிப்பின் அமைப்புகள்) மாறியது. பிளிங்கை மறுபடி ஏற்றியதும் எல்இடி ஒழுங்காகச் சிமிட்டியது.

அடுத்த ரெண்டு சிப்புக்கும் அதையே முதலில் கொடுத்தேன். பூட்லோடர் (புரோகிராம்களை உள்ளே வாங்கிக்கொள்ளும் சின்ன புரோகிராம்) ஏற்ற மட்டும்தானே, வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டல் எதற்கு என்று அதைச் செருகவில்லை. அங்கேதான் தப்பு. முதலில் ஃபியூஸ் எழுதப்படுகிறது. அந்தக் கட்டம் முடிந்ததும் சிப் வெளிக் கிரிஸ்டலை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. கிரிஸ்டல் இல்லாததால் பூட்லோடர் ஏறும் கட்டத்தில் சிப்பிடமிருந்து பதிலே இல்லை. சிக்னேச்சர், அதாவது சிப் தன் வகையைச் சொல்லும் எண், வெறும் பூஜ்ஜியமாக வந்தது.

ஒரு வாரம் கழித்து 9, 10 பின்களில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒவ்வொரு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் கெபாசிட்டர் வைத்து மறுபடி கொடுத்தேன். ரெண்டும் எழுந்துவிட்டன. பிரெட்போர்டில் கிரிஸ்டலின் குட்டைக் கால் மேலே எழும்பி நின்றாலும் இதே கதிதான், அழுத்திப் பாருங்கள்.

~

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு சிக்னேச்சர் பூஜ்ஜியமாக வரவில்லை, கடைசியில் 14 என்று வந்து பொருந்தவில்லை என்றது. வயரை எல்லாம் பிடுங்கி மூன்று தரம் மாற்றினேன். ஊனோ தானாக ரீசெட் ஆகாமலிருக்க அதன் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இருந்தது. கடைசியில் டார்ச் அடித்து சிப்பின் முதுகைச் சாய்த்துப் பார்த்தால், 328க்குப் பின்னால் 'பி' இல்லை! பி வகைக்கும் அதற்கும் சிக்னேச்சர் வேறு. ஆர்டுயினோ மென்பொருளில் இந்த வகை சிப்களைச் சேர்க்கும் 'மினிகோர்' தொகுப்பை நிறுவி, பி இல்லாத 328ஐத் தேர்ந்தெடுத்ததும் முதல் தடவையிலேயே ஏறியது. இப்போதெல்லாம் கடையிலேயே முதுகைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன்.